ஹாம் லைசென்ஸ்: பரீட்சையை விட இனிஷியல்தான் கஷ்டம்

கடைசியில் ஹாம் ரேடியோவில், அதாவது தனிநபர்கள் சொந்த ஆர்வத்தில் நடத்தும் ரேடியோவில், பேசுவதற்கான கால்சைன் (அரசு தரும் அழைப்புக் குறி) வந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் பட்ட பாட்டைச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். அடுத்து விண்ணப்பிக்கப்போகும் மலைக்காரர்கள் யாராவது தப்பித்துக்கொள்ளட்டும்.

நான் இருப்பது கோத்தகிரிப் பக்கம். 2009 நவம்பர் மண்சரிவில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் போனார்கள். 2024 ஜூலையில் வயநாடு சரிந்தபோது கல்பற்றா ஆட்சியர் அலுவலகத்தில் ஹாம்காரர்கள் உட்கார்ந்து செய்தி வாங்கித் தந்தார்கள். கூடலூர் தாண்டினால் வயநாடு. அதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. 2023இல் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையமான சி-டாட் உருவாக்கிய செல் பிராட்காஸ்ட் எச்சரிக்கையின் சோதனை அது. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் டவர் உயிரோடு இருந்தால்தானே போன் அலறும்? இங்கே ஒரு மரம் சாய்ந்தால் முதலில் கரண்ட் போகும், பேட்டரி தீர்ந்ததும் டவரும் போகும்.

சரி, கதைக்கு வருகிறேன். விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் இணையதளத்தில். ஆதாரில் என் இனிஷியல் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். இரண்டும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டருக்கு எப்படிப் புரியும்? ஆதாரைத் திருத்தலாம் என்று பக்கத்து ஊர் மையத்துக்குப் போனேன். முதலில் டோக்கன் தீர்ந்துவிட்டது. அப்புறம் சர்வர் இல்லை. அப்புறம் அங்கிருந்தவர் என் தாள்களைத் தொடாமலே, "கெஜட்ல போட்டுட்டு வாங்கண்ணா" என்றார். இனிஷியலை விரிப்பதற்குக் கெஜட்டா என்று கேட்டதற்கு, "வாக்கி டாக்கிக்கு எதுக்குண்ணா இவ்வளவு? போலீஸ்ல போய்க் கேளுங்க" என்று பதில். பக்கத்து மேஜைப் பெண் எட்டிப் பார்த்து, போட்டோ உள்ள மதிப்பெண் சான்றிதழ் போதும் என்று சொல்லி வாங்கிப் பதிந்துகொண்டார். அந்தம்மாவுக்குக் கோயில் கட்டலாம். ஆகவே, விண்ணப்பத்தில் கை வைப்பதற்கு முன் உங்களிடம் உள்ள எல்லா அட்டையிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். இணையதளத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும் பெட்டிகளிலும் ஆதாரில் உள்ளபடியே நிரப்புங்கள்.

அடுத்த அடி மழையால். பரீட்சை சென்னையில், எனக்குக் கிடைத்த தேதி நவம்பரில். முந்தின நாள் மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிப்பதாகத் திட்டம். காலையிலேயே கோத்தகிரி ரோட்டில் மண் சரிந்து வண்டி நின்றது. குன்னூர் வழியாகப் போகலாமென்றால் பர்லியார் பக்கம் மரம். போனில் சிக்னலும் இல்லை. பொக்லைன் வந்து மண்ணை அள்ளி முடிப்பதற்குள் ரயில் போய்விட்டது, பரீட்சையும் போய்விட்டது. பேரிடரில் பேச லைசென்ஸ் வாங்கப்போனவனை மண்சரிவு தடுத்தது என்று வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். மலையிலிருந்து போகிறவர்கள் முடிந்தால் பிப்ரவரி, மார்ச்சில் தேதி பாருங்கள்.

இரண்டாவது தேதியில் பரீட்சை சுலபமாக முடிந்தது. தொடக்கநிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளில் செய்தி அனுப்புவது) கிடையாது. ரேடியோ தியரி ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. தியரியை மட்டும் உருப்போட்டுவிட்டு விதிகளை விட்டுவிடாதீர்கள், இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். லைசென்ஸ் கட்டணம் 20 வருஷத்துக்கு 1000 ரூபாய், ஆயுளுக்கு 2000. நான் ஆயுளுக்கே கட்டினேன். இன்னொரு முறை அந்த மையத்துப் பக்கம் போக எனக்குத் தெம்பில்லை.

லைசென்ஸ் கைக்கு வருவதற்கு முன் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ரேடியோ செட் வாங்கிவிடாதீர்கள். இப்படி வாக்கி டாக்கி விற்றதற்காக 2025இல் ஆன்லைன் கடைகளுக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸே அனுப்பியது. 446 மெகாஹெர்ட்ஸில் லைசென்ஸ் தேவையில்லாத குறைந்த சக்தி செட் என்பது வேறு சமாச்சாரம்.

கையடக்க செட்டை வைத்துக்கொண்டு மலை முழுக்கப் பேசலாம் என்றும் கனவு காணாதீர்கள். 144 மெகாஹெர்ட்ஸ் அலை நேர்கோட்டில் போகும். எனக்கும் கூடலூருக்கும் நடுவில் 2637 மீட்டரில் தொட்டபெட்டா நிற்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில் இறங்கி, ஆன்டெனாவாகச் சுமார் 20 மீட்டர் கம்பியைத் தேயிலைச் செடிக்கு மேலே தாழ்வாகக் கட்டிய பிறகுதான் காரியம் நடந்தது. அலை நிமிர்ந்து மேலே போய் வானத்தில் மின்னேற்றம் கொண்ட அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டு அந்தப் பக்கம் இறங்குகிறது. முதல் நாளே கூடலூர்க்காரர் ஒருவர் குரல் தெளிவாக வந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். போலீஸ், ராணுவ செட்டுகளில் பேச்சைப் பூட்டி அனுப்பலாம். நமக்கு அது கிடையாது. ரகசியக் குறியீட்டில் பேசுவது விதிப்படி குற்றம். ரிசீவர் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அதனால் காயம்பட்டவர் பெயர், வீட்டு விலாசம் எல்லாவற்றையும் காற்றில் விடாமல், எத்தனை பேர், எந்த இடம், என்ன தேவை என்பதோடு நிறுத்திக்கொள்ளப் பழகுகிறோம். சாயங்காலம் 7 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல் அதிகம், காலையில் கூப்பிடுங்கள்.