மகள் தேர்தலில் நின்றாள், நான் படிவத்தைப் படித்தேன்

எங்கள் வீட்டில் பள்ளிப் படிவங்கள் எல்லாம் கடைசி நாளுக்கு முந்தைய ராத்திரிதான் வெளியே வரும். சுற்றுலாவோ தடுப்பூசியோ, பையின் அடியிலிருந்து கசங்கிய தாள் ஒன்று எழுந்து வரும், "அப்பா, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்ற குரலோடு. நானும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுப் போட்டுக் கொடுப்பேன். 2025 ஜனவரியில் வந்த தாளில் மட்டும் பேனா நின்றுவிட்டது. மேலே ‘வேட்பாளர் படிவம்’ என்று இருந்தது.

பிரிட்டனில் இளைஞர் நாடாளுமன்றம் என்று ஒன்று இருக்கிறது. 11 முதல் 18 வயது வரையுள்ளவர்களின் பிரதிநிதிகள் அதில் உறுப்பினர்கள். முதல் கூட்டம் நடந்தது 2001இல். 2009 முதல் வெஸ்ட்மின்ஸ்டரில் எம்.பி.க்கள் உட்காரும் அதே பச்சை பெஞ்சுகளில் இவர்களும் உட்கார்ந்து விவாதிக்கிறார்கள். தேர்தலை அந்தந்த ஊர் கவுன்சில்கள் நடத்துகின்றன, வாக்குப்பெட்டி பள்ளிகளுக்கே வந்துவிடும். என் மகளுக்கு அப்போது 15 வயது. ஆறு மாதமாகப் பேருந்துகளைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தவள், புலம்பியது போதும், தேர்தலில் நிற்கலாம் என்று முடிவுசெய்துவிட்டாள். எனக்குப் பெருமைதான். ஆனால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.

முழுப் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, பள்ளி, வகுப்பு, கைபேசி எண், மின்னஞ்சல், பெற்றோர் பெயர், ஒவ்வாமை ஏதும் உண்டா, ஒரு புகைப்படம், நூறு சொற்களில் தேர்தல் வாக்குறுதி. கடைசியில் சின்ன எழுத்தில் இரண்டு பக்கத் தனியுரிமை அறிவிப்பு. இந்த அறிவிப்பை யாரும் படிப்பதில்லை, நானும் என் வாழ்நாளில் ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. அன்று படித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது, தகவல் யாருக்கெல்லாம் போகும் என்ற பத்தி. பள்ளிகள், வாக்குச்சீட்டு அச்சடிக்கும் நிறுவனம், அப்புறம் பிரிட்டிஷ் யூத் கவுன்சில் என்று இருந்தது. அந்த அமைப்போ 2024 மார்ச்சிலேயே மூடப்பட்டுவிட்டது. அதன் பிறகு இளைஞர் நாடாளுமன்றத்தை நேஷனல் யூத் ஏஜென்சி நடத்துகிறது. அதாவது, இல்லாத ஓர் அமைப்பிடம் என் மகளின் தகவலைக் கொடுப்போம் என்று எங்கள் கவுன்சில் எழுதியிருந்தது. பழைய அறிவிப்பில் வருடத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இதைச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டே நாளில் திருத்திவிட்டு நன்றியும் சொன்னார்கள். அந்த நன்றியில் கொஞ்சம் அதிகமாகவே தைரியம் வந்துவிட்டது எனக்கு.

அடுத்தது, எந்த உரிமையில் இதையெல்லாம் வாங்குகிறார்கள் என்பது. ஒப்புதல் கேட்டு வாங்குகிறார்கள், வேண்டாமென்றால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தேர்தலை நடத்தத் தேவையான தகவலுக்கு ‘பொதுப்பணி’, அதாவது மக்களுக்கான தன் கடமையைச் செய்யக் கவுன்சிலுக்கு இது தேவை என்ற காரணத்தைச் சொல்லியிருந்தார்கள். புகைப்படத்துக்கும் விளம்பரத்துக்கும்தான் ஒப்புதல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின்னால்தான் உறைத்தது. ஒப்புதல் கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். பொதுப்பணிக்காக வைத்திருப்பதை அழிக்கச் சொல்ல முடியாது. ஆட்சேபம் தெரிவிக்கலாம், அவர்கள் பரிசீலித்துக் காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாக்கும் பிரிட்டனின் ஜிடிபிஆர் சட்டத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. ஒரே தாளில் ஒரே கையெழுத்தின் கீழ் இரண்டும் கலந்து கிடந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

புகைப்படத்துக்கு மட்டும் மூன்று கட்டங்கள் இருந்தன: அச்சுத் துண்டறிக்கை, கவுன்சில் இணையதளம், சமூக ஊடகம். மகள் முதல் இரண்டில் டிக் போட்டாள். மூன்றாவது வேண்டாம் என்று அவளே சொன்னாள், நான் வாயே திறக்கவில்லை. "அதுல கமெண்ட் போடுவாங்கப்பா" என்றாள்.

பின்னால் ஸ்டேப்ளர் போட்டு இணைத்திருந்தது இன்னொரு தாள். இனம், மதம், உடற்குறை, பாலியல் நாட்டம் எல்லாம் கேட்கும் கணக்கெடுப்பு. ‘இது பெயரில்லாமல் சேகரிக்கப்படுகிறது’ என்று மேலே தடித்த எழுத்து. பெயருள்ள தாளோடு பின்னடித்துக் கொடுத்துவிட்டு இதில் பெயர் இல்லை என்றால் என்ன செய்வது! இவையெல்லாம் சட்டப்படி கூடுதல் பாதுகாப்பு தர வேண்டிய வகைத் தகவல்கள். மகள் நகத்தால் பின்னைக் கழற்றி, அந்தத் தாளை மட்டும் மடித்துக் கோலப்பொடி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது பெயர். எங்கள் வழக்கப்படி என் பெயர்தான் அவளுக்கு இனிஷியல். இங்கே பாஸ்போர்ட் எடுத்தபோது அந்த ஒற்றை எழுத்து விரிந்து அவளுடைய குடும்பப் பெயராகிவிட்டது. ஸ்மித் என்றோ படேல் என்றோ இருந்தால் ஊரில் நூறு பேர் இருப்பார்கள், கூட்டத்தில் மறைந்துகொள்ளலாம். என் பெயர் எங்கள் ஊரில் எனக்கு மட்டும்தான். சும்மா பார்ப்போமே என்று முகவரி தேடும் இணையதளம் ஒன்றில் என் பெயரையும் ஊரையும் தட்டினேன். வீட்டு எண்ணோடு வந்து நின்றது.

காரணம் வாக்காளர் பதிவேடு. இங்கே அதில் இரண்டு வகை உண்டு. தேர்தலுக்கான முழுப் பதிவேடு ஒன்று. ‘திறந்த பதிவேடு’ என்பது இன்னொன்று, அதைக் காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வேண்டாம் என்று நாமாகச் சொன்னால்தான் நம் பெயரை அதிலிருந்து எடுப்பார்கள். பத்து வருடமாக நான் சொல்லவே இல்லை. மகளின் முகவரியை அச்சிட மாட்டோம் என்று கவுன்சில் உறுதி கொடுத்திருந்தது. ஆனால் அவள் முழுப் பெயரை அச்சிட்டாலே என் பெயர் வந்துவிடுகிறது, என் பெயரைத் தேடினால் எங்கள் வாசல் வந்துவிடுகிறது. நாடாளுமன்றத் தேர்தலில் நிற்கும் பெரியவர்களே 2010 முதல் வாக்குச்சீட்டில் வீட்டு முகவரி வேண்டாம், தொகுதிப் பெயர் போதும் என்று சொல்லிவிட முடிகிறது. மறுநாளே திறந்த பதிவேட்டிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி எழுதினேன். ஏற்கெனவே வாங்கியவர்களிடம் இருப்பது இருப்பதுதான். மகளின் பெயரைப் பழைய வழக்கப்படியே, அவள் பெயரும் என் முதலெழுத்துமாக அச்சிடச் சொன்னோம். கவுன்சில் ஒப்புக்கொண்டது. தமிழர்களில் நிறையப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அவள் எழுதிய வாக்குறுதி நன்றாக இருந்தது. அதன் இரண்டாவது வரி: ‘தினமும் 3.25க்கு நூலகத்துக்கு எதிரே உள்ள நிறுத்தத்தில் நாற்பது நிமிடம் தனியாக நிற்கிறேன்.’ இதைப் புகைப்படத்தோடு போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். படித்துப் பார்த்துவிட்டு "ஐயோ" என்றாள். ‘பள்ளி விட்டதும் பேருந்துக்காக முக்கால் மணி நேரம் காத்திருப்பவர்களில் நானும் ஒருத்தி’ என்று மாற்றினாள். உண்மையில் முன்னதைவிட இதுதான் நன்றாக இருந்தது. புகைப்படத்திலும் இதே கதை. பிளேசரில் பள்ளிச் சின்னம் பளிச்சென்று தெரிந்தது. பால்கனியில் நிற்கவைத்து ஸ்வெட்டரோடு வேறொன்று எடுத்தோம். அதை அப்படியே அனுப்பாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாள், எடுத்த இடம் படத்துக்குள் பதிந்திருக்கும் என்று. இதை அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

இத்தனைக்கும் பிறகு பிப்ரவரியில் ஒரு நாள் கவுன்சிலின் சமூக ஊடகப் பக்கத்தில் வேட்பாளர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு போஸ்டர் வந்தது. இரண்டாவது வரிசையில் என் மகள், பெயரும் பள்ளியும் கீழே. டிக் போடாத அந்த மூன்றாவது கட்டம்!

எனக்கு வந்த கோபத்துக்கு நீளமான மின்னஞ்சல் ஒன்று எழுதினேன். சட்டப் பிரிவு எண்கள், ‘கடும் அதிருப்தி’, எல்லாம் இருந்தது. கூடவே, என் மகளைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் தகவல் அத்தனையும் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். அப்படிக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு, கட்டணம் இல்லை, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும், விவகாரம் சிக்கலானால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். போஸ்டரை அன்று மத்தியானமே எடுத்துவிட்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். துண்டறிக்கைக்காகச் செய்த படத்தை வேறொரு பிரிவு எடுத்துப் போட்டுவிட்டதாம், கட்டங்கள் இருந்த படிவம் அவர்கள் கைக்கே போகவில்லையாம். இரண்டாவது கேள்விக்கு மட்டும் தரவுப் பாதுகாப்பு அதிகாரியிடமிருந்து தனியாக ஒரு பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். உங்கள் மகளுக்கு வயது 15, தன் உரிமையைப் புரிந்துகொள்ளும் பக்குவம் அவருக்கு இருப்பதாகவே கருதுகிறோம், ஆகவே அவரே கேட்க வேண்டும் அல்லது உங்களுக்கு அனுமதி எழுதித் தர வேண்டும் என்றது.

நான் பெற்ற மகளைப் பற்றிக் கேட்க நான் அவளிடம் அனுமதி வாங்க வேண்டும். இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். தேடிப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான். 13 வயது என்று எல்லோரும் சொல்வது, இணையச் சேவைகளுக்குப் பிள்ளைகள் தாமே ஒப்புதல் தரும் வயது. அதையும் இதையும் குழப்பிக்கொள்கிறோம். தன் தகவலைக் கேட்கும் உரிமைக்கு இங்கிலாந்தில் வயது வரம்பே இல்லை, புரிந்துகொள்ளும் திறன் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஸ்காட்லாந்தில் 12 வயதானால் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. தகவல் பெற்றோருடையது அல்ல, பிள்ளையுடையது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது, நம் வீட்டுக்குள் வரும்போதுதான் இடறுகிறது.

மகள் எனக்கு அனுமதி எழுதித் தரவில்லை. தானே கேட்டுக்கொள்கிறேன் என்றாள். அவள் மின்னஞ்சல் மூன்றே வரி. அதிருப்தி எதுவும் இல்லை, பிரிவு எண் இல்லை. என்ன வேண்டும், எந்தத் தேதி முதல், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும். அடையாளத்துக்குப் பள்ளி அட்டையின் நகல்.

இருபத்தெட்டாம் நாள் வந்தது, முப்பது பக்கத்துக்கு மேல். பாதி அவளே அனுப்பிய படிவங்களும் மின்னஞ்சல்களும். மீதி, அலுவலர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை, மற்றவர்கள் பெயர் எல்லாம் கறுப்புப் பட்டை அடித்து மறைத்து. இருவரும் சோபாவில் உட்கார்ந்து படித்தோம். படித்தோம் என்றால் அவள் படித்தாள், எனக்குக் காட்டலாம் என்று தோன்றியதைக் காட்டினாள். ஒரு பக்கத்தில் வந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் நீட்டினாள். ‘கறுப்புப் பட்டை மறுபடியும் கேள்வி கேட்டிருக்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் நிறையக் கேட்கிறார்.’ என் மகளின் கோப்பில் நான் மூன்றாம் நபர். என் தனியுரிமையை அவளிடமிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள்.

தேர்தலில் அவள் தோற்றாள், மூன்றாம் இடம். பேருந்துக்காக நானூறு சொச்சம் பிள்ளைகள் வாக்களித்ததில் அவளுக்குத் திருப்திதான். தோற்றவர்களின் படிவங்களை ஆறு மாதத்தில் அழித்துவிடுவோம் என்று எங்கள் கவுன்சிலின் அறிவிப்பில் இருந்தது. ஜூலையில் எழுதிக் கேட்டாள், அழித்தாகிவிட்டது என்று பதில் வந்தது. புகைப்படமும் வாக்குறுதியும் அவள் ஒப்புதலைத் திரும்பப் பெற்றதும் இணையதளத்திலிருந்து போய்விட்டன. அதன் பிறகும் கூகுளில் அவள் முகம் சின்னதாக வந்துகொண்டிருந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் படங்களைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கச் சொல்ல அங்கே தனி விண்ணப்பம் இருக்கிறது. அதைப் பிள்ளையும் போடலாம், பெற்றோரும் போடலாம். இந்த ஒரு வேலையை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

முடிவு அறிவிப்பு மட்டும் இன்னும் இருக்கிறது: அவள் பெயர், என் முதலெழுத்து, வாக்கு எண்ணிக்கை. அது தேர்தல் ஆவணம், பொதுப்பணி, எடுக்க மாட்டார்கள். ஆட்சேபம் தெரிவித்துப் பார்க்கலாமே என்றேன். "எதுக்கு? நான் நின்னது உண்மைதானேப்பா" என்றாள்.

அடுத்த தேர்தலுக்கான படிவம் போன வாரம் வந்தது. இந்த முறை கடைசி நாளுக்கு ஒன்பது நாள் முன்னாலேயே மேசைக்கு வந்துவிட்டது, எல்லாம் நிரப்பி, கணக்கெடுப்புத் தாளைக் கழற்றி. பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள் ஒன்று. படிக்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டாம் பக்கம் மட்டும் என்றாள்.