ஆட்டுக்குட்டியும் மூன்று வரி ஆங்கிலமும்

அரசு கலைக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர்களுக்கெல்லாம் ஒரு வாக்கியம் மனப்பாடமாகத் தெரியும்: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'. அக்கா கல்யாணத்துக்கு லீவு கேட்டாலும் காய்ச்சல்தான் வரும். எங்கள் முதலாண்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ்வழியில் ப்ளஸ் டூ முடித்தவர்கள். கைடில் உள்ள கட்டுரையைப் பிசகாமல் எழுதுவார்கள். நேற்று என்ன செய்தாய் என்று இரண்டு வரி எழுதச் சொன்னால் பேனா நகராது.

அதே பிள்ளைகள் நாள் முழுக்க போனில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 'சாப்டியா', 'எங்க இருக்க' எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் போகிறது. எழுத்து விரலுக்குப் பழகிவிட்டது, வாக்கியம்தான் பழகவில்லை. அதனால் வகுப்புக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். அவரவர் எடுத்த ஒரு படம், அதன் கீழே ஆங்கிலத்தில் மூன்று வரி. அவ்வளவுதான் விதி. 2017 வரை ட்விட்டரில் 140 எழுத்துக்குள் அரசியலே நடந்தது; மூன்று வரி ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஒருவன் ஆட்டுக்குட்டிப் படம் போட்டு 'மை கோட் கிவ் டூ பேபி' என்று எழுதினான். உடனே கீழே கேள்விகள்: பெயர் என்ன, இரண்டும் கிடாவா, விற்பீர்களா? எல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில். அவனும் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினான். சிவப்பு மையில் பத்துக்கு நாலு போட்டுக் கொடுத்த கட்டுரைக்கு யாரும் பதில் எழுதுவதில்லை. தான் எழுதியதை ஒருவர் படித்துவிட்டு மேலே கேட்கிறார் என்பதுதான் இங்கே எழுத வைக்கிறது.

திருத்துவது எப்படி? குழுவில் 'தப்பு' என்று சொல்வதே இல்லை. சொன்னால் அந்த ஆள் மட்டுமல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் பாதிப் பேரும் அடங்கிவிடுவார்கள். 'யெஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட்' என்று வந்தால், 'ஓ, யூ வென்ட் டு த மார்க்கெட்? வாட் டிட் யூ பை?' என்று கேட்பேன். சிலர் பிடித்துக்கொள்வார்கள். கவனிக்காதவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'ஏ', 'த' இரண்டும் லேசில் வராது. தமிழில் அப்படி ஒன்று இல்லையே. 'டிஸ்கஸ்' என்றாலே போதும் என்ற இடத்தில் எழுதும் 'டிஸ்கஸ் அபவுட்' பக்கம் மட்டும் நான் திருத்தப் போவதில்லை, அது சுற்றறிக்கைகளிலேயே இருக்கிறது.

பெண் பிள்ளைகள் சிலர் குழுவில் சேரவில்லை. போன் அண்ணனுடையது, அல்லது நம்பர் எல்லாருக்கும் தெரியும் என்ற பயம். நியாயமான பயம்தான். அவர்கள் தாளில் எழுதித் தருவதைப் படமெடுத்துப் பெயரில்லாமல் நானே போடுகிறேன். கேள்விகளுக்கான பதிலும் அப்படியே வரும். ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவுதான்.

2024-இல் வாட்ஸ்அப்புக்குள்ளேயே, கேட்டால் ஆங்கிலத்தில் எழுதித் தரும் மெட்டா ஏஐ வந்துவிட்டதால் 'அடோரபிள்', 'டிலைட்டட்' எல்லாம் தலைகாட்டுகின்றன. திட்டிப் பயனில்லை. 'எந்தக் குட்டி அதிகம் பால் குடிக்கும்?' என்று ஆங்கிலத்தில் கேட்டால் பெரும்பாலும் சொந்த ஆங்கிலம் திரும்பிவிடும்.

செமஸ்டர் தேர்வு வேறு கதை. அங்கே பேனா, தாள், மூன்று பக்க விடை. போன் தானாகத் திருத்திக் கொடுத்த ஸ்பெல்லிங்கும் கூட வராது. அதனால் தேர்வு நெருங்கும்போது, மூன்று வரியைப் பத்தியாக வளர்க்கும் வேலையை வகுப்பில் நோட்டுப் புத்தகத்தில்தான் வைத்துக்கொள்கிறோம். ஆட்டுக்குட்டிக்காரன் இப்போது ஒரு பக்கம் வரை வருகிறான்.