பாஸ் முடியும் தேதிக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு

மலேசியாவின் பினாங்கில் எங்களைப் போல வந்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது, பாஸ், அதாவது இங்கே தங்கியிருக்கக் கொடுத்த அனுமதி, முடிகிற தேதி. என் கணவருக்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அதற்கான வேலை பாஸ். எனக்கும் மகளுக்கும் அவரைச் சார்ந்து கொடுத்த பாஸ். மூன்றும் ஒரே நாளில் முடியும். கம்பெனிக்கு அவர் வேண்டும் என்றால் நீட்டிப்பார்கள், வேண்டாம் என்றால் சாமானைக் கட்ட வேண்டியதுதான். இந்தத் தேதியை வைத்துக்கொண்டு யாராவது "அஞ்சு வருஷத்துல இப்படி ஆயிடணும்" என்று திட்டம் போட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஊரில் இருப்பவர்கள் போடலாம், அவர்கள் காலுக்குக் கீழே தரை இருக்கிறது.

ஆனால் திட்டமே இல்லாமலும் இருக்க முடியாது, அதுவும் என் நிலைமையில். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் நான், இந்த பாஸில் இருந்துகொண்டு இங்கே வேலைக்குப் போக முடியாது. எனக்கென்று ஒரு கம்பெனி வேலை கொடுத்து வேலை பாஸ் எடுத்தால்தான் உண்டு. "உனக்கென்ன, நேரம் கொட்டிக் கிடக்கு, எதையாவது படி" என்று போனில் சொல்லாத சொந்தக்காரர்கள் இல்லை. நேரம் கொட்டிக் கிடப்பதுதான் பிரச்சினை என்று அவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது? காலையில் கணவரும் மகளும் கிளம்பிய பிறகு சாயங்காலம் வரைக்கும் முழுசாகக் காலியாக இருக்கிற ஒரு நாளில் எதையும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், அதனாலேயே எதுவும் நடக்காது. ஆபீஸ் போய்க்கொண்டிருந்தபோது அரை மணி நேரத்தில் முடித்த வேலையெல்லாம் இங்கே ஒரு நாள் பூராவும் இழுக்கும்.

எனவே நான் பிடித்துக்கொண்டது இரண்டே விஷயம். ஒன்று, எதைத் தொடங்கினாலும், நடுவில் கிளம்ப வேண்டி வந்தால் அதுவரைக்கும் செய்தது கையோடு வர வேண்டும். "முழுசா முடிச்சாதான் பிரயோஜனம்" என்கிற மாதிரியான எதிலும் கை வைக்கவில்லை, ஒன்றரை வருஷப் படிப்பில் சேர்ந்து பத்தாவது மாதம் ஊருக்குக் கிளம்பினால் என்ன செய்வது? இரண்டாவது, அன்றாடம் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தோடு அதை முடிச்சுப் போட்டுவிட வேண்டும்.

மலாய் அப்படித்தான் தொடங்கியது, மீன் வாங்கப் போன இடத்தில். பாயான் பாரு பசாரில் மீன் வாங்குவது எனக்குப் பெரிய விஷயம், தூத்துக்குடிக்காரிக்கு மீனில் யாரும் கதை விட முடியாது. செவுளைத் தூக்கிப் பார்த்தால் எப்போது பிடித்தது என்று தெரியும். ஆனால் விலை கேட்கத் தெரியாது, பேரம் பேசத் தெரியாது, நம் ஊர் கானாங்கெளுத்தியை இங்கே கெம்போங் என்கிறார்கள் என்பதுகூடத் தெரியாது. முதல் வாரம் எண்கள் மட்டும்: சாத்து, டுவா, தீகா. அடுத்த வாரம் "பெராப்பா?", அதாவது எவ்வளவு? அவர் சொல்கிற பதில் புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று, ஏனென்றால் ஒரு கிலோ எட்டு வெள்ளி ஐம்பது காசு என்பதை மீன்காரர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். (இங்கே தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.) அதற்குப் பிறகு "தோலோங் சியாங்", அதாவது கழுவி குடலெடுத்துக் கொடுங்கள். இந்த இரண்டு வார்த்தை தெரிந்த அன்று எனக்கு அரை மணி நேர வேலை மிச்சம். அவர் கத்தியின் பின்பக்கத்தால் செதிலை வழித்து, வயிற்றில் ஒரு கீறல் போட்டு, கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரே இழுப்பில் குடலை எடுத்துப் பக்கெட்டில் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். செவுள் மட்டும் உள்ளேயே இருந்தது. அதையும் எடுக்கச் சொல்ல என்ன வார்த்தை என்று விரலால் காட்டிக் கேட்டேன். "இன்சாங்" என்றார். அன்றைய பாடம் அது.

ஒரு முறைக்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான் கணக்கு. மீன்கடையில் ஒன்று, கீரைக்காரம்மாவிடம் ஒன்று. கீரையில் காங்கோங் எது பயாம் எது என்று காட்டிக் கொடுத்தது அந்த அம்மாதான். அன்று ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் மின்சார பில்லில் ஒரு வரி, பில் முழுக்க மலாய்தான்.

தொடக்கத்துக்கு மலாய் சுலபமான மொழி என்று தைரியமாகச் சொல்லலாம். ரோமன் எழுத்துதான் என்பதால் பள்ளியில் ஆங்கிலம் படித்த யாரும் வாசித்துவிடலாம். வினைச்சொல் காலத்துக்குக் காலம் மாறாது, ஆண் பெண் விகுதி கிடையாது. "சுடா" என்று முன்னால் போட்டால் முடிந்துவிட்டது, "பெலும்" என்றால் இன்னும் இல்லை. நம் தமிழில் ஒரு வெள்ளைக்காரருக்கு வந்தான், வந்தாள், வந்தார் சொல்லிக் கொடுக்கிற பாட்டை நினைத்துப் பாருங்கள். கஷ்டம் பின்னால் வரும், முன்னொட்டுகள் வரிசையாக வந்து நிற்கும்போது. ஆனால் அதற்குள் சந்தைக்குப் போதுமான மலாய் வந்திருக்கும், விட்டுவிட்டு ஓடத் தோன்றாது.

அப்புறம் எதிர் வீட்டு அக்கா. இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அவருடைய தாத்தா காலத்தில் வந்த குடும்பம். காலையில் பார்த்தால் "பசியாறிட்டியாமா?" என்றுதான் தொடங்குவார். நான் செயலியில் படித்த சுத்தமான மலாயை அவரிடம் ஒப்பித்துக் காட்டியபோது விழுந்து விழுந்து சிரித்தார். "என்னலா இது, செய்தி வாசிக்கிற மாதிரி பேசுற! மீன்காரன் உன்ன டீச்சர்னு நெனச்சு வெலய ஏத்திருவான்." பினாங்குக்காரர்கள் பேசுவது வடக்கு மலாய். நீ என்பதற்கு "ஹாங்", போ என்பதற்கு "பீ", வா என்பதற்கு "மாய்". புத்தகத்தில் இது எதுவும் இல்லை. "ஹாங் நாக் பீ மனா?" (நீ எங்கே போகப்போறே?) என்று அக்கா கேட்க, நான் "பீ பசார்" என்று சொல்ல, இப்படித்தான் லிஃப்ட் வரும்வரை எங்கள் வகுப்பு நடக்கும். லிஃப்ட் வந்ததும் முடிந்தது. அதற்கு மேல் நீட்டினால் அவருக்கும் சலிக்கும், எனக்கும் தலையில் நிற்காது.

இப்போது ஹரியான் மெட்ரோ என்கிற மலாய்ப் பத்திரிகையில் ஒரு நாளைக்கு ஒரு சின்னச் செய்தி படிக்கிறேன், மகளின் பள்ளி வேனுக்காகக் கீழே நிற்கும் நேரத்தில். பெரும்பாலும் விபத்துச் செய்தி அல்லது பாம்பு பிடித்த செய்தி, இவை இரண்டிலும் ஒரே வார்த்தைகள் திரும்பத் திரும்ப வருவதால் சீக்கிரம் பிடிபடும். அரசியல் செய்திக்கு இன்னும் போகவில்லை. மகள் என்னைவிட நன்றாகப் பேசுகிறாள் என்பதைச் சொல்லவே வேண்டாம், பிள்ளைகளோடு போட்டி போடுகிற அசட்டுத்தனத்தை நான் செய்வதில்லை.

நடப்பது என்கிற விஷயம் இதைவிட முரண்டு பிடித்தது. காரணம் கடிகாரம். மலேசியத் தீபகற்பத்தின் நேரத்தை 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள், போர்னியோ தீவில் இருக்கிற சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக இருக்கட்டும் என்று. அதனால் இங்கே விடியவே 7 மணிக்கு மேல் ஆகிறது. தூத்துக்குடியில் ஆறு மணிக்கு வெளிச்சம் வரத் தொடங்கிவிடும், இங்கே ஆறு மணிக்குக் கும்மிருட்டு. அதிகாலை நடை என்கிற நம் ஊர்ப் பழக்கத்தை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. ஏழரைக்கு வேன் போன பிறகுதான் என் நடை, அதற்குள் ஈரக்காற்றில் உடம்பு ஒட்டத் தொடங்கிவிடும். வார நாளில் வீட்டைச் சுற்றி இருபது நிமிஷம், அதற்கு மேல் ஆசைப்படுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேறு. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போவோம், தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் வருகிற அதே பகுதி. அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. தைப்பூச நாளில் அந்தக் கூட்டம் தள்ளுகிற தள்ளலில் எப்படியோ மேலே போய்விடலாம், சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் தன்னந்தனியாக ஏறினால்தான் முட்டி என்ன நிலைமையில் இருக்கிறது என்று தெரியும். முதலில் வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன், பிறகு நின்று நின்று, அப்புறம் நிற்காமல். இது தானாக நடந்தது என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொரு தடவையும் போன வாரம் நின்ற இடத்தைத் தாண்டி ஒரு பத்துப் படி போய்த்தான் நிற்பது என்று வைத்துக்கொண்டேன். முருகனிடம் வேண்டுதல் எதுவும் கிடையாது, மூச்சு வாங்கும்போது என்ன வேண்டுவது என்றும் தோன்றாது.

கோயிலுக்குப் பக்கத்தில்தான் தாவரவியல் பூங்கா, 1884இல் ஆங்கிலேயர்கள் உண்டாக்கியது. அங்கேயிருந்து பினாங்கு மலை உச்சிக்கு ஒரு ஜீப் பாதை போகிறது, ஏறக்குறைய 5 கிலோமீட்டர். தார் போட்ட பாதைதான், ஆனால் சில வளைவுகளில் சரிவு எப்படி என்றால் குதிகால் தரையில் படாது. மலையேற ரயில் இருக்கிறது, உலகமே அதில்தான் போகிறது, நாங்களும் விருந்தாளிகள் வந்தால் அதில்தான் போவோம். ஆனால் அந்தப் பாதையில் எழுபது வயது தாண்டிய சீனத் தாத்தா பாட்டிகள் கையில் ஒரு குடையோடு அநாயாசமாக ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வளைவு வளைவாகப் பிடித்தோம். இந்த வாரம் இந்த வளைவு வரை, திரும்பிவிடலாம். மழை தூறினால் திரும்பிவிடலாம். கணவருக்கு இந்தப் பாதியில் திரும்புவது பிடிக்கவே பிடிக்காது, "இவ்வளவு தூரம் வந்துட்டோம், உச்சிக்குப் போயிடலாமே" என்பார். போகலாம்தான், மறுவாரம் யாரும் வீட்டை விட்டே கிளம்ப மாட்டார்கள். தெம்பு மிச்சமிருக்கும்போதே திரும்பினால்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை செருப்பு தானாகக் காலில் ஏறும், இதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

வழியில் 84 என்று ஒரு நிறுத்தம், தன்னார்வலர்கள் நடத்துகிற தேநீர்க் கொட்டகை. அங்கே உட்கார்ந்து சூடாக ஏதாவது குடித்துவிட்டு மேலே பார்த்தால் இன்னும் பாதிப் பாதை இருக்கும். நீண்ட நாள் அதுவே எங்கள் உச்சி. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உண்மையான உச்சிக்கும் போய்ச் சேர்ந்தோம். மேலே அருளொளி திருமுருகன் கோயிலும் அதற்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. கும்பிட்டுவிட்டு, ரயிலில் வந்து இறங்கியவர்களோடு சேர்ந்து வரிசையில் நின்று ஐஸ் கச்சாங் (துருவிய ஐஸில் செய்கிற இனிப்பு) வாங்கிச் சாப்பிட்டோம், சுமாராகத்தான் இருந்தது. இறங்கியது ரயிலில். இறக்கம்தான் முட்டியைத் தின்னும்.

பணம் சேர்ப்பதைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது புலம்பெயர்ந்தவர் எழுதியது என்றே யாரும் நம்ப மாட்டார்கள், எனவே கொஞ்சம். வந்த புதிதில் எதுவும் மிஞ்சாது, அதற்குத் தயாராகவே வாருங்கள். வாடகை வீட்டுக்கு இரண்டு மாத முன்பணம், கரண்டு தண்ணீருக்கென்று அரை மாதம், முதல் மாத வாடகை, ஆக மூன்றரை மாத வாடகையை எடுத்து வைத்தால்தான் சாவி. வருமான வரியிலும் ஒன்று உண்டு. ஒரு காலண்டர் வருஷத்தில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் குடியிருப்போர் கணக்கில் சேர்க்காமல் மொத்தமாக 30 சதவீதம் பிடிப்பார்கள். வருஷப் பின்பாதியில் வருகிறவர்களுக்குச் சம்பள ரசீதைப் பார்த்து நெஞ்சு அடைக்கும். அடுத்த வருஷமும் தொடர்ந்து இங்கேயே இருந்தால் பிறகு கணக்குக் காட்டித் திரும்பப் பெற வழி இருக்கிறது, நாள் பிடிக்கும் அவ்வளவுதான். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் ஊழியர் சேமநிதி கட்டாயம், நம் பங்கு 2 சதவீதம், முதலாளி பங்கு 2 சதவீதம். பெரிய தொகை இல்லை, ஆனால் கையில் வராத பணம் செலவாகாது. நாங்கள் சொந்தமாகச் செய்வதும் அதே வழிதான்: சம்பளம் வந்த அன்றே ஒரு சின்னத் தொகை ஊர்க் கணக்குக்குப் போய்விடும், லிட்டில் இந்தியாவில் நகைக்கடைப் பக்கம் போவதெல்லாம் அதற்குப் பிறகு. தொகையை ஏற்றுவது சம்பளம் ஏறும்போது மட்டும்.

பாஸ் நீட்டிப்புக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை. நீட்டித்தால் மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்க வேண்டும், அடுக்குமாடியில் குளம் சும்மாதான் கிடக்கிறது, அவளோடு நானும் இறங்கலாம் என்று யோசனை. அதற்கிடையில் எதிர் வீட்டு அக்கா புதுசாக ஒன்றைக் கிளப்பிவிட்டிருக்கிறார். சீனக் காய்கறிக்காரம்மா ஹொக்கியனில், அதாவது இங்கே சீனர்கள் பேசுகிற மொழியில், விலை சொன்னால் மலாயில் சொல்வதைவிட இருபது காசு குறைவாம். "நெசமாத்தான்லா, நா வாங்கறேன் இல்ல?" உண்மையோ பொய்யோ, சரி, பத்து வரைக்கும் மட்டும் கற்றுக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். நேற்று லிஃப்ட் வருவதற்குள் நாலு வரைக்கும் போனோம்.