தமிழில் ஒரு பேச்சுப் பலகை: வேலைக் குறிப்புகள்

9 ஜூன் 2025

பேச்சு வராத பிள்ளைக்குப் படப்பலகை, 20 கட்டம். வேணும், வேண்டாம், இன்னும், போதும், குடு, வா, என்ன, வலிக்குது எல்லாம் முதலில். பந்து, ஆப்பிள், நாய் என்று பெயர்களாகவே நிரப்பினால் பிள்ளை பொருளைக் காட்டும், அவ்வளவுதான், மறுக்க வழியிருக்காது. ‘வேண்டும்’ என்று அச்சடிக்கவில்லை. வீட்டில் காதில் விழுவது ‘வேணும்’. இலக்கணச் சுத்தம் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

11 ஜூன்

லாமினேஷன், 125 மைக்ரான் உறை. படத்தைச் சுற்றி 3 மி.மீ. விட்டு வெட்டவும், ஒட்ட வெட்டினால் எச்சில் உள்ளே இறங்கிப் பிரிந்துவிடும். இன்க்ஜெட் மை காயாமல் உறையில் போட்டால் குமிழி. பளபளப்பு உறை ட்யூப்லைட்டில் கண்கூசும், மேட் வாங்கவும். வெல்க்ரோவின் சொரசொரப்புப் பக்கம் எப்போதும் அட்டைக்கு, மெத்தென்ற பக்கம் பலகைக்கு. கலந்து ஒட்டினால் பாதி அட்டை நிற்காது.

16 ஜூன்

எழுத்துப் பலகை. 247 எழுத்தும் 19 வரிசை, 13 பத்தியில் கச்சிதமாக அடங்கும். ஆனால் ஏ4 தாளில் கட்டம் 1.5 செ.மீ.; கை நடுங்கினால் எது தொட்டது என்றே தெரியாது. நாம் விரல் வைத்து முதலில் வரிசை, பிறகு எழுத்து என்று ஒவ்வொன்றாகக் கேட்க, பிள்ளை கண்ணை மேலே தூக்கி ‘ஆமாம்’ சொல்வதென்றால் கடைசி எழுத்துக்கு 19+13, ஆக 32 கேள்வி.

வல்லினம் 6, மெல்லினம் 6, இடையினம் 6. இலக்கணமே மூன்று வரிசை போட்டுத் தந்திருக்கிறது! கீழே உயிர் 12, இரண்டு வரிசை. ஓரத்தில் ஃ, புள்ளி, ‘தப்பு’. மெய்க்கு 3+6, பிறகு “அப்படியேவா?” (க), “புள்ளியா?” (க்), உயிருக்கு 2+6. மிஞ்சிப்போனால் 19. மெல்லினத்தை ம, ன, ந, ண, ஞ, ங என்று மாற்றினேன், ங எப்போதோதான் வரும்.

க் அல்ல, க என்றே அச்சு. பின்னால் டேப்லெட்டில் தமிழ்99 விசைப்பலகை போட்டால் இதே முறை. அதில் ‘கக’ தானே ‘க்க’ ஆகும்; பலகையில் புள்ளியைக் கேட்டே ஆகவேண்டும்.

20 ஜூன்

‘கொசு’வில் இடறல். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்பதால் பிள்ளை க எடுத்து, எ எடுத்து, அப்புறம் காலுக்காக ஆ தேடுகிறது: கெஆசு. காது தவறவில்லை, கண்தான் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஒ கட்டத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் சிறியதாகக் ‘கொ’. ஓ, ஔ-வுக்கும் அப்படியே. உயிர்ப் பட்டை மட்டும் மறு அச்சு.