மார்கேட்டில் ஓர் இரவு

46 வயதில் விமானம் ஓட்டக் கற்கப்போகிறேன் என்று சொன்னபோது என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: "யாருக்காக?" அதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வேலைக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அலுவலகம் போகும் வழியில்தான் வர்ஜீனியா விமானத் திடல். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறுபக்கம் இந்தியப் பெருங்கடல், நடுவே ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான ஓடுதளம். தினமும் காலையில் குட்டி விமானங்கள் காருக்குப் பக்கத்திலேயே எழும்பும். எத்தனை நாள்தான் வேடிக்கை பார்ப்பது?

தாள் வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று வாங்க வேண்டும். கண்ணாடி அணிபவர் மாற்றுக் கண்ணாடி ஒன்றும் எடுத்துச் செல்ல வேண்டும். எழுத்துத் தேர்வுகளில் 75 விழுக்காடு எடுக்க வேண்டும். வான்சட்டப் புத்தகம் நல்ல தூக்க மருந்து. தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த 45-ஐ நம்பிப் பணம் ஒதுக்காதீர்கள். எனக்கு 58 ஆனது.

எனக்குப் பிடித்த வேலை தரையில்தான் இருந்தது. விடியற்காலையில் எங்கள் பயிற்சி விமானமான செஸ்னா 172-இன் இறக்கைக்குக் கீழே குனிந்து, சிறு குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். விமானப் பெட்ரோல் வெளிர்நீலமாக இருக்கும். தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தால் அது குப்பியின் அடியில் நிறமில்லாத முத்துப்போல உருளும். பாதி நிரம்பிய தொட்டியை இரவு முழுவதும் கடற்கரை ஈரத்தில் நிறுத்தினால் அப்படி முத்து சேரும். இரண்டு முறை கண்டேன். தெளிந்த நீலம் வரும்வரை பிடித்துப் பிடித்துக் கொட்டினேன்.

இந்த ஈரம் வானத்திலும் விடாது. ஒருநாள் கடலுக்கு மேலே சுற்றி வந்து, இறங்குவதற்காக விசையைக் குறைத்தேன். நல்ல வெயில், 25 டிகிரி. எஞ்சின் சுழற்சி நான் குறைத்த அளவையும் தாண்டி மெல்ல இறங்கிக்கொண்டே போனது. "என்ன கேட்கிறது?" என்றார் பயிற்றுநர். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் கார்புரேட்டர் சூடாக்கியை இழுத்தார். பெட்ரோலும் காற்றும் கலக்கும் பகுதிதான் கார்புரேட்டர், அதற்குள் சூடான காற்றை விடும் பிடி அது. எஞ்சின் இருமியது, குலுங்கியது, என் வயிறும் சேர்ந்து குலுங்கியது. பிறகு சீராகிச் சுழற்சி ஏறியது. உள்ளே பனிக்கட்டி! டர்பன் வெயிலில்! மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கதைதான்: பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, ஈரக்காற்று அங்கேயே உறைந்துவிடுகிறது. ஊரில் பானைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்கு இது தோன்றாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

திடலில் தேநீர் பெஞ்சு ஒன்று உண்டு. அங்கே ஓர் அண்ணா. ஓய்வு பெற்றவர், முப்பது ஆண்டுகளாகப் பறப்பவர். அவருடைய கொள்ளுத்தாத்தா மவுண்ட் எட்ஜ்கம்பில் கரும்பு வெட்டியவர். தமிழ் சொன்னால் புரியும். வாயில் வருவது 'தம்பி' மட்டும், மீதியெல்லாம் ஆங்கிலம். முதன்முதலில் தனியாகப் பறக்கும் நாளில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "வை தம்பி, நசுங்கியதை நீயே பொறுக்கிவிடு. ஓடுதளத்தில் கூழாங்கல் கிடந்தாலே புரொபெல்லர் போய்விடும்" என்றார்.

உரிமத்துக்கு முன் தனியாக ஒரு நெடும்பயணம் உண்டு: குறைந்தது 150 கடல்மைல், வழியில் வேறு இரண்டு திடல்களில் இறங்க வேண்டும். என் வழி தெற்கே கடற்கரை ஊரான மார்கேட், அங்கிருந்து பீட்டர்மரிட்ஸ்பர்க், பிறகு வர்ஜீனியா. செப்டம்பர் மாதம். இடது தோளில் கடலை வைத்துக்கொண்டு மார்கேட் வரை சுகமாகப் போனேன்.

இறங்கிக் கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்ததுபோல இருந்தது. நிலத்திலிருந்து கடலை நோக்கிச் சூடான வறண்ட காற்று. பெர்க் காற்று என்பார்கள் இங்கே. டிராகன்ஸ்பெர்க் மேட்டிலிருந்து கீழே சரியும்போது அழுந்திச் சூடேறும். அது அடித்து ஓய்ந்ததும் தென்மேற்கிலிருந்து குளிர்காற்று பாயும், தாழ்ந்த மேகமும் கூடவே வரும். பீட்டர்மரிட்ஸ்பர்க் திடல் 2,400 அடி உயரத்தில் இருக்கிறது. அன்று அங்கே 35 டிகிரி. கணக்குப் போட்டால் விமானத்துக்கு அந்தக் காற்று 5,000 அடிக்கும் மேலே உள்ள மெலிந்த காற்றாகத்தான் தெரியும், எழும்பத் திணறும். காற்றழுத்தமும் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் வானம்? துடைத்துவைத்த நீலம். எஞ்சினில் ஒரு குறையுமில்லை. மாலை நான்கு மணிக்கு அதே விமானத்தை இன்னொரு மாணவர் முன்பதிவு செய்திருந்தார். பயிற்றுநருக்குத் தொலைபேசினேன். "விமானி நீங்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் நான் என்ன சொல்ல?" என்றார். கோபம் வந்தது. அரை மணி நேரம் இறக்கை நிழலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கயிறு கேட்டு வாங்கி விமானத்தைக் கட்டினேன்.

மூன்று மணிக்குமேல், காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப்பை தொய்ந்து தொங்கியது. சில நிமிடங்களில் எதிர்ப்பக்கம் திரும்பி, குழாய்போல விறைத்து நின்றது. புழுதி கிளம்பியது, சட்டைக்குள் குளிர் புகுந்தது, கடல் பக்கமிருந்து மேகம் கூரை உயரத்துக்கு வந்துவிட்டது.

மறுநாள் பெஞ்சில் இதைச் சொன்னேன். இருவர், "ஒரு மணிக்கே கிளம்பியிருந்தால் காற்றுக்கு முன்னால் வந்து சேர்ந்திருக்கலாமே" என்றார்கள். உண்மைதான், சேர்ந்திருக்கக்கூடும். அதுதான் இதில் உள்ள சங்கடம். போகாத பயணம் எதையும் நிரூபிப்பதில்லை. எஞ்சின் இரண்டு இருந்தால் பத்திரம், புதுக் கருவி இருந்தால் பத்திரம் என்று அந்தப் பெஞ்சில் எத்தனையோ வாதம் நடக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகப் பணத்தையும் மானத்தையும் இழந்துவிட்டு வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அண்ணா மட்டும், "தம்பி, அங்கே மீன் சாப்பிட்டாயா?" என்று கேட்டார். புரட்டாசி என்றேன், சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து அதே வழியில் முழுவதுமாக மீண்டும் பறந்தேன். சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மாதத்தில் உரிமம் கைக்கு வந்தது. மார்கேட் அறை வாடகையை வீட்டு வரவுசெலவு நோட்டில் மனைவி ஏற்கெனவே எழுதிவைத்திருந்தாள். எதற்கான செலவு என்ற இடத்தில் 'காற்று' என்று இருந்தது.