பேச்சு திரும்பிய பிறகுதான் வேலை ஆரம்பம்

மினி ஸ்ட்ரோக் வந்து சில நிமிடத்தில் சரியாகி, நன்றாக நடமாடும் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்புவதுதான் பெரும்பாடு. அப்பாவுக்கு 66 வயது. விருதுநகர் பக்கம் மளிகைக் கடை. தீபாவளிக்கு முந்தைய வாரம், காலை வியாபாரத்தில் துவரம் பருப்பு மூட்டையைக் கையால் காட்டுகிறார், பெயர் வரவில்லை. "அது... அந்த..." என்று இழுத்தவர் அடுத்துச் சொன்ன எதற்கும் பொருளே இல்லை. முகம் கோணவில்லை, கை கால் நன்றாக அசைந்தன. அம்மா பதறி எனக்குப் போன் செய்தார். எப்போது தொடங்கியது என்று பின்னால் எல்லா டாக்டரும் கேட்டபோது, போனில் பதிவாகியிருந்த அந்த 9.10தான் கைகொடுத்தது.

இருபது நிமிடத்தில் பேச்சு திரும்பிவிட்டது. கார் வாசலுக்கு வந்தபோது அப்பா சீட்டுப் போட்டுச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல தாயி, ராத்திரி தூக்கம் இல்ல, அதான்." பக்கத்துக் கடைக்காரர் பித்தம் என்றார். அம்மா ஷட்டரை இறக்கிப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதால்தான் வண்டியில் ஏறினார்.

ஊர் டாக்டர் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். சர்க்கரை இறங்கினாலும் இப்படிக் குழறுமாம். அது சரியாக இருந்தது. பிரஷர் 164/92. ஈசிஜி எடுத்துவிட்டு, மதுரையில் இருக்கும் நரம்பியல் டாக்டருக்குக் கடிதம் எழுதினார். "இன்னைக்கே போகணும் ஐயா. பண்டிகை முடியட்டும்னு இருக்காதீங்க" என்றார்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைச் சின்ன ரத்தக்கட்டி ஒன்று கொஞ்ச நேரம் அடைத்துவிட்டு விலகுவதுதான் டிஐஏ, மினி ஸ்ட்ரோக் என்கிறோமே அது. கட்டி எங்கிருந்து வந்ததோ அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் முழு பக்கவாதம் வரும் ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் மிக அதிகம். 2007இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்றை மதுரை டாக்டர் சொன்னார். வெளிநோயாளிகளாக வந்தவர்களுக்கு அன்றைக்கே பரிசோதித்து மருந்து தொடங்கியதில், 90 நாளுக்குள் பக்கவாதம் வருவது 10 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அப்பா அதைக் கேட்ட பிறகுதான் கடையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார்.

பக்கவாத ஆபத்து எவ்வளவு என்று டாக்டர் மதிப்பெண் போட்டுப் பார்த்தார். 60 வயது தாண்டியதற்கு 1, பிரஷர் 140/90க்கு மேல் இருந்ததற்கு 1, கை கால் பலவீனமில்லாமல் பேச்சு மட்டும் போனதற்கு 1, பத்து நிமிடத்துக்கு மேல் ஒரு மணிக்குள் நீடித்ததற்கு 1. ஏழுக்கு நாலு. ஒரு பக்கம் பலவீனம் இருந்தால் அதற்கு மட்டுமே 2. மதிப்பெண் குறைவாக வந்தாலும் ஸ்கேனை விடக்கூடாது என்றார். கழுத்துக் குழாய் சுருங்கியிருப்பது இந்தக் கணக்கில் தெரியாதே.

அன்றைக்கே மூளைக்கு எம்ஆர்ஐயும், கழுத்துக் குழாயில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் எடுத்தோம். எம்ஆர்ஐ சுத்தம். அப்பா எழுந்து செருப்பை மாட்டிவிட்டார்! டிஐஏவில் பாதிக்கு மேல் எம்ஆர்ஐ சுத்தமாகத்தான் இருக்கும், நடந்தது நடந்ததுதான் என்று டாக்டர் உட்காரவைத்தார். டாப்ளரில் இடது கழுத்துக் குழாயில் லேசான கொழுப்புப் படிவு. பாதிக்கு மேல் அடைத்திருந்தால் ஆபரேஷன் பற்றி யோசிக்க வேண்டும், அதையும் இரண்டு வாரத்துக்குள் செய்வதுதான் நல்லது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

படுக்கவைக்காமல் மாத்திரையோடு அனுப்பினார்கள். அப்புறம் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன், ஹோல்டர். நெஞ்சில் வயர் ஒட்டி, பெட்டியை பனியனுக்குள் தொங்கவிட்டு ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியவேண்டும். துடிப்பு தாறுமாறாக இருந்தால் ரத்தம் உறையாமலிருக்க வேறு வகை மருந்து. அப்பா அதோடு கடையில் உட்கார்ந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பதினொன்றே கால், மூட்டை தூக்கினேன்' என்றெல்லாம் குறித்துக் கொடுத்தார். துடிப்பு ஒழுங்காகவே இருந்தது.

மாத்திரையில் கவனிக்க வேண்டியது ஒன்று. ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து 21 நாள், பிறகு ஒன்று மட்டும். அதற்கு மேலும் இரண்டையும் சேர்த்தே விழுங்கினால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். ஆனால் மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டினால் இரண்டையுமே கொடுத்துவிடுகிறார்கள். எங்களுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். நாள்காட்டியில் அம்மா வட்டம் போட்டு வைத்திருந்ததால் திருப்பிக் கொடுத்தோம். அப்பா தானாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த ஒமிப்ரசோல் என்ற அசிடிட்டி மாத்திரையையும் டாக்டர் மாற்றினார், அது குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்குமாம். ராத்திரி கொழுப்பைக் குறைக்க அட்டார்வாஸ்டாட்டின். வீட்டுக்கு பிரஷர் கருவி வாங்கிவிட்டோம், 130/80க்குள் வைக்கச் சொல்லியிருக்கிறார். ஊறுகாய் போனதில்தான் அப்பாவுக்கு வருத்தம்.

வீட்டில் ஆஸ்பிரின் இருக்கிறதே என்று நீங்களாகக் கொடுக்காதீர்கள். மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மறுபடி பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, ஒரு கண் திடீரென்று மங்கினாலோ, சரியாகிறதா என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டு சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதற்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதுவும் தொடங்கிய நேரத்திலிருந்து.