டார்ஃபெல் பி2: பெயரடையை ஜோடியாகப் படியுங்கள்

டார்ஃபெல் என்னும் ரஷ்ய மொழித் தேர்வில் பி2 நிலை எழுதியிருந்தேன், ரிசல்ட் வந்துவிட்டது. ஐந்து பகுதியிலும் 66 சதவீதத்தைத் தாண்டிவிட்டேன், பெரிய நிம்மதி. வேற்றுமை பற்றியும் வினை பற்றியும் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது பெயர்ச்சொல்லிலிருந்து பெயரடை உண்டாக்குவதை மட்டும்தான். சொல்-இலக்கணப் பகுதியில் அகராதி கிடையாது என்பதால் இதுதான் எனக்குக் கைகொடுத்தது.

ஆற்றில் பிடித்தால் நமக்கு ஆற்று மீன். ரஷ்யனில் ரிகா (ஆறு) ரிச்னாயா ரீபா ஆகிவிடும். இரண்டு மொழியிலும் சொல் உருமாறுகிறது. ஆனால் நாம் ஆரஞ்சு ஜூஸ் என்று பெயரை அப்படியே முன்னால் வைப்பதுபோல் அங்கே வைக்க முடியாது, அபில்சீனவி சோக் என்று விகுதி போட்டே ஆகவேண்டும்.

எந்த விகுதி என்பதற்கு முழுமையான விதி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். விகுதிப் பட்டியலை மனப்பாடம் செய்வதும் வேண்டாம். பெயரடையை அது சேரும் பெயரோடு ஜோடியாக எழுதிப் படியுங்கள். ஸிம்ல்யா (பூமி, மண், நிலம்) ஒன்றே போதும் ஏனென்று புரிய:

ஸிம்னோய் ஷார்: பூமி உருண்டை
ஸிம்லினோய் போல்: மண் தரை
ஸிமேல்னி உச்சாஸ்தக்: நிலத்துண்டு, மனை
ஸிம்லீஸ்தி த்ஸ்வேத் லித்ஸா: வெளிறிப்போன, மண் நிற முகம்

நான்கும் நான்கு விடைகளாக வந்தால், பக்கத்தில் இருக்கும் பெயர்தான் வழிகாட்டும். மழையும் அப்படித்தான்: மழைநீர் தஷ்திவாயா வதா, மழை நாள் தஷ்த்லீவி தேன். பனிக்கட்டிபோல் சில்லிட்ட தண்ணீர் லிதினாயா வதா, ஐஸ் ஹாக்கி ஆடும் அரங்கமோ லிதோவி த்வரேத்ஸ்.

அப்புறம், சுருக்கமாகச் சில:

- '-ன்-' விகுதிக்கு முன் மெய் மாறும். மலகோ (பால்) மலோச்னி ஆகும், க்னீகா (புத்தகம்) க்னீஷ்னி ஆகும், வோஸ்துஹ் (காற்று) வஸ்தூஷ்னி ஆகும்.
- '-யான்-' விகுதிக்கு ஒரே 'ன்'. மரம், கண்ணாடி, தகரம் மூன்றுக்கு மட்டும் இரண்டு: திரிவ்யான்னி, ஸ்திக்ல்யான்னி, அலவ்யான்னி. ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள் இதை ஜன்னலை வைத்து நினைவில் கொள்வார்கள்: மரச்சட்டம், கண்ணாடி, தகரக் கைப்பிடி.
- வோல்ச்சி (ஓநாயின்) போன்றவை பெண்பாலில் மென்குறி (ь என்ற எழுத்து) வாங்கும். எழுத்துத் தேர்வில் அதை விட்டுவிடாதீர்கள்.
- மஸ்கோஃப்ஸ்கி (மாஸ்கோவின்) போன்ற '-ஸ்க்-' பெயரடைகளுக்குச் சிறிய எழுத்து. ஆங்கிலப் பழக்கத்தில் பெரிய எழுத்துப் போட்டுவிட வேண்டாம்.